குரக்கன் எண்டு தேடினால் ராகி ஏன் வராது?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியின்ர மகள் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தையில எங்கட வீட்டுக்கு வந்தாள். கம்பஸில உணவு விஞ்ஞானம் படிக்கிறவள். "அக்கா, குரக்கனைப் பற்றி ஒருத்தரும் பெரிசா ஆராய்ச்சி செய்யேல்லப் போல, லிட்டரேச்சர் ரிவியூவுக்கு ஒண்டும் கிடைக்குதில்ல" எண்டாள். வாங்கிப் பார்த்தன். தேடல் பெட்டிக்குள்ள இங்கிலிஷ் எழுத்தில குரக்கன் எண்டு அடிச்சிருந்தாள், வந்தது கொஞ்சம், அதிலயும் முக்கால்வாசி இலங்கைக் கட்டுரைகள். அதை அழிச்சுப்போட்டு ஃபிங்கர் மில்லட் எண்டு அடிச்சன், பக்கம் பக்கமா வந்து கொட்டிச்சு. ராகி எண்டு அடிக்க இன்னொரு குவியல், அதில கனக்க முதல் குவியலில இல்லாதது. எலூசின் கொரக்கானா எண்டு விஞ்ஞானப் பேரை அடிக்க நாலாவது குவியல். தானியம் ஒண்டுதான், நாங்கள் புட்டு அவிக்கிற அதே குரக்கன்தான்.

இதில எனக்கு மனசில நிண்ட விஷயம் என்னெண்டால், அந்த விஞ்ஞானப் பேரில வாற கொரக்கானா இருக்கே, அது இலங்கையில வழங்கிற குரக்கன் எண்ட பேரில இருந்தே எடுத்தது. சொந்தப் பேர் விஞ்ஞானப் பேராவே மாறிப் போயிருக்கு, ஆனால் மெஷினுக்கு குரக்கனும் கொரக்கானாவும் சம்பந்தமே இல்லாத ரெண்டு எழுத்து வரிசை. நான் நூலகத்தில வேலை செய்யிறபடியால் இந்தப் பிரச்சினையோட தினமும் முகம் கொடுக்கிறன். பேரைத் தேடுறது ஒண்டு, பொருளைத் தேடுறது இன்னொண்டு. முதலாவதைத்தான் வழமையான தகவல் தேடல் செய்யுது, ரெண்டாவதைச் செய்ய வந்ததுதான் ஒன்டோலஜியை, அதாவது பொருள்களையும் அதுகளின்ர உறவுகளையும் மெஷினுக்கு எழுதி வைச்சதை, வைச்சுத் தேடுறது. அண்டைக்கு தங்கச்சிக்குச் சொன்னதையே இங்க கொஞ்சம் விரிவா எழுதுறன். கம்ப்யூட்டர் படிக்காதவைக்கும் விளங்கும்.

முதல்ல வழமையான முறை. பாடப்புத்தகத்தின்ர கடைசியில சொல்லடைவு இருக்குமே, அயடின் 14, 62, 88 எண்டு, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில வருது எண்டு காட்டுற பட்டியல், அதே விஷயம்தான். கம்ப்யூட்டர் ஒருக்கா எல்லாக் கட்டுரையையும் வாசிச்சு, ஒவ்வொரு சொல்லுக்கும் "இந்தச் சொல் இந்த இந்தக் கட்டுரையில இருக்கு" எண்டு பெரிய சொல்லடைவு ஒண்டைச் செய்து வைச்சிடும். நீங்கள் "குரக்கன் கல்சியம்" எண்டு அடிச்சால் அது கட்டுரைகளை அந்த நேரம் வாசிக்கிறேல்ல, குரக்கனுக்குக் கீழ இருக்கிற பட்டியலையும் கல்சியத்துக்குக் கீழ இருக்கிற பட்டியலையும் எடுத்து ரெண்டிலயும் பொதுவா இருக்கிறதைத் தருது. லட்சக்கணக்கான கட்டுரைக்குள்ள கண் மூடித் திறக்கிறதுக்குள்ள பதில் வாறதுக்குக் காரணம் இதுதான்.

சரி, பொதுவா இருக்கிறது 500 கட்டுரை எண்டால் எதை முதல்ல காட்டுறது? இங்கதான் நல்ல மூளை வேலை ஒண்டு செய்திருக்கினம். ஒரு சொல் ஒரு கட்டுரையில கனதரம் வந்தால் அந்தக் கட்டுரை அந்தச் சொல்லைப் பற்றினது எண்டு எடுக்கலாம், அது ஒரு பக்கம். மற்றப் பக்கம், எல்லாக் கட்டுரையிலயும் வாற சொல்லுக்கு மதிப்புக் குறைவு. உணவு விஞ்ஞானக் கட்டுரைகளுக்குள்ள "உணவு" எண்டு தேடி என்ன பிரயோசனம், எல்லாத்திலயும் அது இருக்கும். ஆனால் மரவள்ளிக் கிழங்கில இருக்கிற "லினமரின்" எண்ட பொருளின்ர பேர் கொஞ்சக் கட்டுரையிலதான் வரும், அதால அது வந்தாலே அந்தக் கட்டுரை முக்கியம். அரிதான சொல்லுக்குக் கூட நிறை குடுக்கிற இந்த யோசனையை 1972ல கரன் ஸ்பார்க் ஜோன்ஸ் எண்ட பிரித்தானிய ஆய்வாளர் எழுதினவ. அதுக்கு முதல் 1960களில ஜெரார்ட் சால்டன் ஸ்மார்ட் எண்ட தேடல் அமைப்பில வேலையைத் தொடங்கியிருந்தவர். பிறகு லண்டனில ஸ்டீபன் ராபர்ட்சன் ஆக்கள் செய்த பி.எம்.25 எண்ட கணக்கு வந்தது, இண்டைக்கும் கனக்கத் தேடல் பெட்டிகளுக்குப் பின்னால அதுதான் ஓடுது. ஆகவே பழைய முறை எண்டவுடன மட்டமா நினைக்காதேங்கோ. அதுக்கு உணவைப் பற்றி ஒண்டும் தெரியத் தேவையில்ல, எந்தப் பாஷை எந்தத் துறை எண்டாலும் எழுத்தைக் குடுத்தால் வேலை செய்யும், அது பெரிய விஷயம்.

ஆனால் எழுத்தை மட்டும் பார்க்கிறதால தமிழில இன்னும் சிக்கல். குரக்கன், குரக்கனில, குரக்கனுக்கு, குரக்கன்மாவை எண்டு ஒட்டிக்கொண்டே போகும், மெஷினுக்கு நாலும் நாலு சொல். இங்கிலிஷில இப்பிடி வால் வெட்டுறதுக்கு 1980லயே மார்ட்டின் போர்ட்டர் ஒரு முறை செய்து குடுத்திட்டார், சொல்லின்ர கடைசியில வாற ஒட்டை வெட்டிப்போட்டு அடியை மட்டும் வைச்சிருக்கும். தமிழுக்கு அது அவ்வளவு லேசில்ல. எண்டாலும் வால் வெட்டினாலும் குரக்கன் ராகியாகப் போறதில்ல, அது வேற வியாதி.

தேடல் நல்லதோ கூடாதோ எண்டு அளக்க ரெண்டு அளவு இருக்கு, இதை விளங்கினால்தான் மிச்சம் விளங்கும். கதைக்கு, டேட்டாபேஸில குரக்கனைப் பற்றி 100 கட்டுரை இருக்கு எண்டு வைப்பம். தங்கச்சி தேடினதுக்கு 12 வந்திருக்கு, 12ம் குரக்கனைப் பற்றினதுதான். வந்ததில எத்தினை சரி எண்டு கேட்டால் 12க்கு 12, நூறு வீதம். வரவேண்டியதில எத்தினை வந்தது எண்டு கேட்டால் 100க்கு 12. முதலாவதை பிரிசிஷன் எண்டுவினம், ரெண்டாவதை ரீகோல். இங்கிலாந்தில கிரான்ஃபீல்டில சிரில் கிளெவர்டன் 1960களில தேடல் முறைகளை இப்பிடி அளந்து ஒப்பிட்டுக் காட்டினதில இருந்து இந்தத் துறையே இந்த ரெண்டு அளவோடதான் நடக்குது. இதில பொல்லாத விஷயம் என்னெண்டால், கண்ணுக்கு முன்னால வந்த 12ம் சரியா இருக்கிறபடியால் வராமல் போன 88ஐப் பற்றி ஆருக்கும் சந்தேகமே வராது. தங்கச்சி "ஒருத்தரும் ஆராய்ச்சி செய்யேல்ல" எண்டு வந்து நிண்டது அதாலதான். அவளில பிழை இல்ல.

குரக்கனில நடந்தது ஒரு பொருளுக்குப் பல பேர். இதின்ர மறுபக்கம் இன்னும் மோசம், ஒரு பேருக்குள்ள பல பொருள். கறுவாவை எடுங்கோ. எங்கட கறுவா சின்னமோமம் வீரம், பழைய பேர் சின்னமோமம் சீலானிக்கம். உள்பட்டையை மெல்லிசா உரிச்சு ஒண்டுக்குள்ள ஒண்டு வைச்சுச் சுருட்டினது, கையால நொறுக்கினால் பொடியாப் போகும். காசியா எண்டு சொல்லுற மற்றச் சாமான் சீனாவில இருந்தும் இந்தோனேசியாவில இருந்தும் வியட்நாமில இருந்தும் வாறது, வேற இனங்கள், தடிச்ச ஒற்றைச் சுருள், உடைக்கிறதே கஷ்டம். புறக்கோட்டையில பலசரக்குக் கடையில வேலை செய்யிற பெடியன் கூட ரெண்டையும் கையில எடுத்த உடன சொல்லிப்போடுவான். ஆனால் இங்கிலிஷில ரெண்டுக்கும் அனேகமா சினமன் எண்டே போடுவினம்.

அதால என்ன எண்டு கேட்பீங்கள். குமரின் எண்ட பொருள் காசியாவில நல்லா இருக்கு, எங்கட கறுவாவில இருக்கிறது மிக மிகக் கொஞ்சம். குமரின் கூடினால் சில பேருக்கு ஈரலைப் பாதிக்கும், அதாலதான் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை ஒரு நாளைக்கு உடம்பு நிறையில ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் எண்டு எல்லை வைச்சிருக்கு, 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம். இப்ப ஒருத்தர் "சினமன் ஈரல் பாதிப்பு" எண்டு தேடி, வந்த பத்துக் கட்டுரையை வைச்சு கறுவா ஈரலுக்குக் கூடாது எண்டு எழுதினால், அந்தப் பத்தும் காசியாவைச் சோதிச்ச கட்டுரையா இருந்தால்? எழுத்துப்படி தேடல் சரி, சினமன் எண்டு கேட்டார், சினமன் வந்திருக்கு. பொருள்படி பிழை. எங்கட நாட்டின்ர முக்கியமான ஏற்றுமதிச் சாமான் ஒண்டு இப்பிடி ஒரு சொல்லுக்குள்ள கலந்து கெட்ட பேர் எடுக்கிறது எனக்கு உண்மையிலேயே வயித்தெரிச்சல்.

பலாக்காயும் இப்பிடித்தான். சிங்களத்தில பிஞ்சுக்கு பொலொஸ், முத்தின காய்க்கு கொஸ், பழத்துக்கு வேற பேர், நாங்களும் பிஞ்சு, காய், பழம் எண்டு பிரிச்சுத்தான் கதைக்கிறம், ஏன் எண்டால் சமையல் வேற ருசி வேற மாச்சத்தும் சீனியும் வேற வேற அளவு. இங்கிலிஷ் தலைப்பில எல்லாம் ஒரே ஜாக்ஃப்ரூட்.

இனி ஒன்டோலஜிக்கு வருவம். சொல் தத்துவத்தில இருந்து வந்தது, உலகத்தில என்னென்ன இருக்கு, அதுகள் எப்பிடிப்பட்டது எண்டு கேட்கிற பகுதிக்கு அங்க அந்தப் பேர். கம்ப்யூட்டர் ஆக்கள் அதைக் கடன் வாங்கி, ஒரு துறையில என்னென்ன பொருள் இருக்கு, ஒண்டுக்கொண்டு என்ன உறவு எண்டதை மெஷினுக்கு விளங்கிற மாதிரி ஒளிவு மறைவில்லாமல் எழுதி வைக்கிறதுக்குப் பாவிக்கினம். 1993ல டொம் குரூபர் எழுதின வரைவிலக்கணத்தைத்தான் இண்டைக்கும் எல்லாரும் எடுத்துச் சொல்லுவினம், அதின்ர சாரமும் இதுதான். அகராதி எண்டு நினைச்சுப்போடாதேங்கோ. அகராதியில சொல்தான் தலைப்பு, அதுக்குக் கீழ அர்த்தம். ஒன்டோலஜியில பொருள்தான் தலைப்பு. அந்தப் பொருளுக்கு ஒரு இலக்கம் இருக்கும், எங்கட அடையாள அட்டை இலக்கம் மாதிரி. குரக்கன், ராகி, கேழ்வரகு, ஃபிங்கர் மில்லட், எலூசின் கொரக்கானா எல்லாம் அந்த ஒரு இலக்கத்தில ஒட்டின லேபிள்கள். வீட்டில கூப்பிடுற பேர் வேற பள்ளிக்கூடத்துப் பேர் வேற எண்டாலும் அடையாள அட்டையில ஆள் ஒருத்தர்தானே. அதே மாதிரி கறுவாவுக்கு ஒரு இலக்கம், காசியாவுக்கு வேற இலக்கம், ரெண்டிலயும் சினமன் எண்ட லேபிள் ஒட்டியிருக்கலாம், ஆனால் ஆள் வேற.

லேபிளோட நிண்டால் அது சொற்களஞ்சியம் மட்டும்தான். ஒன்டோலஜியின்ர உயிர் உறவில இருக்கு. மரவள்ளியை வைச்சுக் காட்டுறன், ஏன் எண்டால் மரவள்ளி அவிக்காத வீடு இங்க குறைவு. மரவள்ளி எண்டது ஒரு செடி. கிழங்கு அதின்ர பகுதி. மரவள்ளி மா அந்தக் கிழங்கில இருந்து காய வைச்சு அரைச்சு வந்தது. கிழங்குக்குள்ள லினமரின் இருக்கு. லினமரின் சயனைட் வெளிவிடக்கூடிய சேர்மங்கள் எண்ட வகையைச் சேர்ந்தது. லினமரேஸ் எண்ட நொதியம் லினமரினை உடைக்கும், உடைச்சால் கடைசியில ஐதரசன் சயனைட் வரும். கிழங்கைத் துருவினால், இடிச்சால் கலங்கள் உடைஞ்சு நொதியமும் லினமரினும் சந்திக்கும். ஐதரசன் சயனைட் 26 பாகை செல்சியஸ் அளவிலயே கொதிச்சு ஆவியாப் போகும், கொழும்பு வெக்கைக்கு அது அறை வெப்பநிலையை விடக் குறைவு. அம்மம்மா ஆக்கள் மரவள்ளி அவிக்கேக்க சட்டியை மூடாதை எண்டு சொல்லுறதுக்குள்ள இவ்வளவு கதை இருக்கு.

மேல நான் எழுதின ஒவ்வொரு வசனமும் ஒன்டோலஜியில ஒரு சின்னக் கோடு. ஒரு பொருள், ஒரு உறவு, இன்னொரு பொருள், அவ்வளவுதான். "கிழங்கு, பகுதி, மரவள்ளி." "லினமரின், வகை, சயனைட் வெளிவிடும் சேர்மம்." இப்பிடி எழுத உலகளாவிய வலை நியமங்கள் இருக்கு, ஆர்.டி.எஃப் எண்டு ஒண்டு, ஓ.டபிள்யூ.எல் எண்டு இன்னொண்டு, ரெண்டாவது 2004ல நியமமா வந்தது. இப்ப மெஷினிட்ட "சயனைட் வெளிவிடக்கூடிய சேர்மம் உள்ள மாவுகள் எது" எண்டு கேளுங்கோ. மரவள்ளி மாவில சயனைட் பிரச்சினை எண்டு ஒருத்தரும் ஒரு வரியில எழுதி வைக்கேல்ல, ஆனால் மா கிழங்கில இருந்து வந்தது, கிழங்கில லினமரின் இருக்கு, லினமரின் அந்த வகை எண்டு கோட்டைப் பிடிச்சுக்கொண்டே போய் அது "மரவள்ளி மாவைப் பாருங்கோ" எண்டு தரும். முடிஞ்ச முடிவா இல்ல, பார்க்க வேண்டிய இடமா. பதப்படுத்தேக்க எவ்வளவு போயிருக்கும் எண்டது வேற கேள்வி, கோடெக்ஸ் எண்ட சர்வதேச உணவு நியமத்தில சாப்பிடுற மரவள்ளி மாவுக்கு ஒரு கிலோவில 10 மில்லிகிராம் ஐதரசன் சயனைட்தான் எல்லை. எழுத்தைப் பார்த்துத் தேடுற முறையால இந்தக் கோடு பிடிச்சுப் போற வேலையைச் செய்யவே ஏலாது, அந்தச் சொல்லுகள் ஒரே கட்டுரைக்குள்ள சேர்ந்து வந்தால்தான் அதுக்குத் தெரியும்.

உணவுக்கு இப்பிடி எழுதுற வேலை புதுசில்ல. 1970களின்ர கடைசியில அமெரிக்காவில உணவு மருந்து நிர்வாகத்தில லங்குவால் எண்ட முறை தொடங்கினது. ஒரு சாப்பாட்டைப் பேரால சொல்லாமல் பல முகத்தால சொல்லுறது அதின்ர யோசனை, எந்தச் செடி அல்லது மிருகம், எந்தப் பகுதி, எந்த நிலை, எப்பிடிச் சமைச்சது, எப்பிடிக் கெடாமல் வைச்சது எண்டு ஒவ்வொண்டுக்கும் ஒரு குறியீடு. பலாப் பிரச்சினைக்கு இது நல்ல மருந்து பாருங்கோ, செடி ஒண்டு, முத்தின அளவு வேற எண்டு பிரிச்சு எழுதலாம். ஐ.நா.வின்ர உணவு விவசாய நிறுவனம் 1980களில அக்ரோவொக் எண்ட பல பாஷைச் சொற்களஞ்சியத்தைத் தொடங்கினது, விவசாயத்துக்கும் உணவுக்கும் அது இண்டைக்கும் பெரிய துணை. ஐரோப்பாவில உணவுப் பாதுகாப்புத் தரவு சேர்க்க ஃபுட்எக்ஸ்2 எண்ட வகைப்படுத்தல். லங்குவாலை அத்திவாரமா வைச்சுக் கட்டின ஃபுட்ஒன் எண்ட ஒன்டோலஜியைப் பற்றின கட்டுரை 2018ல வந்தது, தோட்டத்தில இருந்து தட்டு வரைக்கும் எண்டு அவையள் சொல்லுற மாதிரி எல்லாத்தையும் பிடிக்கப் பார்க்கினம். அதில எனக்குப் பிடிச்சது, எல்லாத்தையும் தாங்களே எழுதாமல் இனங்களின்ர பேருக்கு ஒரு களஞ்சியம், செடியின்ர பகுதிகளுக்கு இன்னொண்டு, இரசாயனங்களுக்கு இன்னொண்டு எண்டு ஏற்கெனவே இருக்கிறதோட கை கோர்த்திருக்கினம்.

இதை வைச்சுத் தேடல் எப்பிடி நடக்குது எண்டால், ரெண்டு பக்கத்தால வேலை. கட்டுரைப் பக்கம், ஒவ்வொரு கட்டுரையிலயும் வாற சொல்லுகள் எந்த இலக்கத்துக்கு உரியது எண்டு குறிக்கிறது, ஆக்களும் குறிக்கலாம், மெஷினும் குறிக்கலாம். கேள்விப் பக்கம், நீங்கள் அடிச்ச சொல்லை இலக்கமா மாத்தி அதோட சேர்ந்த பேர்களையும் அதுக்குக் கீழ வாற வகைகளையும் சேர்த்து விரிக்கிறது. பப்மெட் எண்ட மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தைப் பாவிக்கிற ஆக்கள் இதைத் தெரியாமலே பாவிக்கினம். மருத்துவத் தலைப்புச் சொற்களின்ர மெஷ் எண்ட பட்டியல் அதுக்குப் பின்னால இருக்கு, ஹார்ட் அட்டாக் எண்டு அடிச்சால் மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன் எண்ட தலைப்பையும் அது தானாவே சேர்த்துக்கொள்ளும். தேடின பிறகு அதில தேடல் விபரம் எண்ட பகுதியை ஒருக்காத் திறந்து பாருங்கோ, நீங்கள் ரெண்டு சொல் அடிக்க அது எவ்வளவு நீளமா விரிச்சிருக்கு எண்டு தெரியும். மெஷ் முழு ஒன்டோலஜி இல்ல, அதுக்குக் கிட்டின சொந்தம்.

உணவில இது எவ்வளவு தேவை எண்டதுக்கு எள்ளு போதும். எள்ளு அலர்ஜி உள்ள பிள்ளையின்ர தாய்க்கு எள்ளு எண்ட சொல்லை மட்டும் தேடி ஒண்டும் ஆகாது. நல்லெண்ணெய், எள்ளுருண்டை, இங்கிலிஷில செசமி, ஜிஞ்சலி, தஹினி, இப்ப கொழும்பு ரெஸ்டோரண்ட்களில எல்லாம் வாற ஹம்முஸ், ஹம்முஸுக்குள்ள தஹினி, தஹினிக்குள்ள எள்ளு. ஹம்முஸைப் பற்றின பக்கத்தில எள்ளு எண்ட சொல் ஒருக்காவும் வராமல் இருக்கலாம். அமெரிக்காவில 2023 ஜனவரி 1ல இருந்து எள்ளு லேபிளில கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்பதாவது அலர்ஜிப் பொருள். இந்தச் சங்கிலியை எழுதி வைச்ச ஒன்டோலஜிக்கு ஹம்முஸைக் கண்ட உடன எள்ளு தெரியும். இப்ப வாற ஏ.ஐ. தேடல்கள் சொல்லுகளை எண்களா மாத்தி, கிட்டக் கிட்ட அர்த்தம் உள்ளதைப் பிடிக்கும், குரக்கனும் ராகியும் கிட்ட எண்டு அதுவே வாசிச்சுப் பழகிக் கொள்ளும், நல்ல விஷயம்தான். ஆனால் "கிட்ட" எண்டது அலர்ஜிக்குக் காணாது. கறுவாவும் காசியாவும் கூடத்தான் கிட்ட. இருக்கோ இல்லையோ, எந்த வழியால வந்தது எண்டு காட்டச் சொன்னால் எழுதி வைச்ச கோடுதான் கை குடுக்கும், அதால சொல்லடைவு, ஒன்டோலஜி, ஏ.ஐ. மூண்டையும் சேர்த்து ஓட்டுறதுதான் புத்தி எண்டு நான் நினைக்கிறன்.

ஒன்டோலஜியில குறை இல்லாமலும் இல்ல. விரிக்கிறதை எங்க நிப்பாட்டுறது எண்டது பெரிய தலையிடி. எள்ளில இருந்து ஒரு படி மேல போனால் எண்ணெய் வித்து, அங்க இருந்து கீழ வந்தால் சோயாவும் கச்சானும் எல்லாம் வந்து குவியும், ரீகோல் கூடும் பிரிசிஷன் விழும். கட்டுரை எழுதினவர் எந்தக் கறுவா எண்டு எழுதாமல் விட்டால் ஒன்டோலஜிக்கும் தெரியாது, பொதுவான சினமன் எண்ட இலக்கத்தைத்தான் ஒட்ட ஏலும். பிறகு, எது எந்த வகை எண்டதில மனிசருக்குள்ளயே ஒற்றுமை இல்ல. தக்காளி பழமோ மரக்கறியோ எண்டு 1893ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போய், இறக்குமதி வரிக்கு அது மரக்கறிதான் எண்டு தீர்ப்பு வந்தது. தாவரவியல்காரருக்கு அது பழம். ஒன்டோலஜியில ஒரு பொருளுக்கு ரெண்டு தாய் வைக்கலாம், தாவரவியல்படி பழம், சமையல்படி மரக்கறி எண்டு, ஆனால் அதை ஆராவது இருந்து யோசிச்சு எழுத வேணும். எழுதவும் திருத்தவும் ஆள் வேணும், அதுதான் இதின்ர உண்மையான விலை. சொல்லடைவு மெஷின் தானாச் செய்யும், இதைச் செய்யாது.

தங்கச்சிக்கு அண்டைக்கு நாங்கள் செய்தது கையால ஒரு சின்ன ஒன்டோலஜி எண்டே சொல்லலாம். ஒரு தாளில நடுவில விஞ்ஞானப் பேர், சுத்திவர குரக்கன், ராகி, கேழ்வரகு, ஃபிங்கர் மில்லட், ஆபிரிக்கக் கட்டுரைகளில வாற பேர்கள். பகுதி எது, தானியமோ தவிடோ. நிலை எது, மாவோ முளைக்க வைச்சதோ. பிறகு பேர்களுக்கு நடுவில "அல்லது" போட்டு அடைப்புக்குள்ள வைச்சு, அதோட "மற்றும்" போட்டு பொலிஃபீனோல் எண்ட தாவரச் சேர்மத்தின்ர பேரைச் சேர்த்து ஒரே தேடலா ஓட்டினம். குவியல் நாலும் ஒண்டாச்சு, திரும்ப வந்ததுகள் கழிஞ்சுது, அவளுக்கு வாசிக்க இப்ப காணும் காணும் எண்ட அளவுக்கு இருக்கு. டேட்டாபேஸில சொற்களஞ்சியம் எண்டு ஒரு பொத்தான் இருந்தால் முதல்ல அதுக்குள்ள போய் உங்கட பொருளின்ர தலைப்புச் சொல் என்ன எண்டு பாருங்கோ, கனபேர் அதைத் தொடுறதே இல்ல.

அது முடிய அவள் கேட்டாள், "அக்கா, ஒடியலுக்கு இப்பிடி இலக்கம் இருக்குமோ?" எண்டு. ஃபுட்ஒன்னில இல்லாத பொருளைச் சேர்க்கச் சொல்லி ஆரும் கிட்ஹப் எண்ட இணையத் தளத்தில கேட்கலாம், ஆரும் திருத்தக்கூடிய விக்கிடேட்டா எண்ட திறந்த தரவுக் களஞ்சியத்தில எண்டால் தமிழ்ப் பேரை நாங்களே நேராப் போடலாம். ஆனால் கேட்கிறதுக்கு வரைவிலக்கணம் வேணும். இருந்து எழுதத் தொடங்கினாள். ஒடியல்: பனங்கிழங்கில இருந்து வந்தது, செய்முறை காய வைக்கிறது. புழுக்கொடியல்: பனங்கிழங்கில இருந்து வந்தது, செய்முறை அவிச்சுக் காய வைக்கிறது. குசினிக்குள்ள இருந்து அம்மம்மா கேட்டுக்கொண்டு நிண்டிருக்கிறா. "பிள்ளை, ஒடியலை முழுசாவே காய விடுறது? நாரை உரிச்சு ரெண்டாக் கிழிச்செல்லோ வெயிலில போடுறது. கிழிக்காட்டில் உள்ளுக்குக் காயாது, பூஞ்சணம் பிடிக்கும்" எண்டா. தங்கச்சி செய்முறைக்குள்ள "நெடுக்காப் பிளத்தல்" எண்டு ஒரு வரி கூடச் சேர்த்தாள். பிறகு பேனையைக் கீழ வைச்சிட்டுக் கேட்டாள், "அம்மம்மா, பனங்கிழங்கு எண்டு எழுதுறன், அது கிழங்குதானோ, இல்லாட்டில் கொட்டையில இருந்து இறங்கிற முளையோ?" எண்டு. அந்த வரி இன்னும் காலியாத்தான் கிடக்கு, கம்பஸில தாவரவியல் படிப்பிக்கிற ஆளிட்ட கேட்டுக்கொண்டு வாறன் எண்டு தாளை மடிச்சு எடுத்துக்கொண்டு போனாள்.